ஏறிய சோடியத்தை ஏன் திரும்ப இறக்கினார்கள்?

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன், டாக்டர். அம்மாவுக்கு 68 வயது, 48 கிலோ எடை. தினமும் மூன்று பிளாஸ்க் சுடுதண்ணீர் குடிப்பார். போன மாதம் நான்கைந்து நாளாக வாந்தி, தலைசுற்றல். அப்புறம் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வாசலிலேயே வலிப்பு வந்துவிட்டது. சோடியம் 112, பொட்டாசியம் 2.9 என்றார்கள். சின்ன பாட்டில் இரண்டு ஏற்றியதும் கண் விழித்து என் பெயரைச் சொன்னார். சோடியம் 116 ஆனது. அதோடு சலைனை நிறுத்திவிட்டு பொட்டாசியம் மட்டும் கொடுத்தார்கள். மறுநாள் காலை 123. நாங்கள் சந்தோஷப்பட்டோம். டாக்டரோ அவசர அவசரமாகக் குளுக்கோஸ் பாட்டில் மாட்டி, ஒரு ஊசியும் போட்டு, மதியத்துக்குள் 119-க்கு இறக்கினார்! அதற்குப் பிறகும் நாலைந்து நாள் வைத்திருந்து, 132 வந்ததும்தான் அனுப்பினார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் வேறு எடுத்தார்கள், பாவமாக இருந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, "ரெண்டு பாட்டில் சலைன்ல முடிஞ்சிருக்கும், பில்லுக்காக இழுத்தடிச்சிருக்காங்க" என்கிறார். அவர் சொல்வது சரியா? அம்மாவுக்கு இனி உப்பைக் கூட்டிக் கொடுக்கலாமா? அடுத்த தடவை இப்படி வந்தால் பக்கத்து கிளினிக்கிலேயே பாட்டில் ஏற்றிக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியை முழுதாகப் படித்தேன். சித்தப்பாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொல்வது தவறு. உங்கள் அம்மாவுக்குச் செய்ததில் ஆகச் சிறந்த காரியம் எது என்று என்னைக் கேட்டால், உங்களுக்கு எரிச்சலூட்டிய அந்தக் குளுக்கோஸ் பாட்டிலைத்தான் காட்டுவேன்.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் (இதை அளக்கும் அலகு) வரை இருக்க வேண்டும். அது குறைந்திருக்கிறது என்றால் உடம்பில் உப்பு தீர்ந்துபோய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலான நேரங்களில் நடந்திருப்பது வேறு: உப்போடு ஒப்பிட்டால் தண்ணீர் அதிகமாகிவிட்டது. ரத்தம் நீர்த்துப்போனால், உப்பு கூடுதலாக இருக்கும் செல்களுக்குள் தண்ணீர் புகுகிறது, செல்கள் வீங்குகின்றன. கை கால் வீங்கினால் தாங்கும். மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது. அங்கே வீங்குவதற்கு இடம் இல்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், பிதற்றல், வலிப்பு எல்லாம் இதனால் வருபவை.

ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. சோடியம் மெல்ல மெல்ல இறங்கினால், மூளை செல்கள் தங்களுக்குள் இருக்கும் உப்புகளையும் வேறு சில சிறு மூலக்கூறுகளையும் வெளியே தள்ளி வீக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றன. இரண்டு நாளில் இந்த ஏற்பாடு ஏறக்குறைய முடிந்துவிடும். அதனால்தான் 112 இருந்தும் உங்கள் அம்மா நாலு நாள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். ஒரே நாளில் அந்த அளவுக்கு இறங்கியிருந்தால் நிலைமை வேறு.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வெளியே தள்ளியதை மூளை செல்கள் திரும்பச் சேர்த்துக்கொள்ளப் பல நாள் ஆகும். அதற்குள் ரத்தத்தில் சோடியத்தை மளமளவென்று ஏற்றினால், உப்பில் போட்ட மாவடு போல அவை நீரை இழந்து சுருங்கிவிடும். நரம்பு இழைகளைச் சுற்றி மையலின் என்றொரு உறை உண்டு. அந்த உறையை உண்டாக்கும் செல்கள் இந்த அதிர்ச்சியைத் தாங்குவதில்லை. உறை உரிந்துபோகிறது, குறிப்பாக மூளைத்தண்டின் நடுப்பகுதியில். 1959-ல் அமெரிக்காவில் ரேமண்ட் ஆடம்ஸும் சக மருத்துவர்களும் குடிநோயாளிகளிடமும் சாப்பாடில்லாமல் நலிந்தவர்களிடமும் இதை முதலில் கண்டு எழுதினார்கள். காரணம் அப்போது தெரியவில்லை. சோடியத்தை வேகமாக ஏற்றுவதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பது 1980-களில்தான் தெளிவானது.

இந்த நோயின் கொடுமை, அது வரும் நேரத்தில் இருக்கிறது. சோடியம் ஏறிய அன்று நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார், வீட்டார் கும்பிடுவார்கள். இரண்டு முதல் ஆறு நாள் கழித்து நாக்கு குழறும், விழுங்க முடியாது, கை கால் இழுக்கும். மோசமானால் நினைவு இருக்கும், கண்ணை மட்டும் அசைக்க முடியும், வேறெதுவும் அசையாது. சிலர் தேறுகிறார்கள், சிலர் தேறுவதில்லை. வந்த பிறகு உறுதியான மருந்து என்று எதுவும் இல்லை. வராமல் தடுப்பதுதான் வழி.

இப்போது உங்கள் அம்மாவுக்கு நடந்ததை மணிக்கணக்கில் பார்ப்போம்.

வலிப்போடு வந்தவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் வேகம் வேண்டும். அங்கே தயங்கினால் மூளை வீக்கத்தாலேயே உயிர் போகலாம். அவர்கள் ஏற்றிய அந்தச் சின்ன பாட்டில்கள் 3 சதவீத சலைன், ஒவ்வொன்றும் 100 மில்லி. சாதாரண சலைன் 0.9 சதவீதம், ஒரு லிட்டரில் 154 மில்லிமோல் சோடியம். 3 சதவீதத்தில் ஒரு லிட்டருக்கு 513. உங்கள் அம்மாவின் வயதுக்கும் எடைக்கும் ஒரு சின்ன பாட்டில் சோடியத்தை ஏறக்குறைய 2 புள்ளி ஏற்றும். இரண்டு பாட்டிலுக்கு 4. 112 சரியாக 116 ஆனது. கணக்கு பிசகவில்லை.

ஏன் அங்கேயே நிறுத்தினார்கள்? வலிப்பும் மயக்கமும் அடங்க, சோடியம் 4 முதல் 6 புள்ளி ஏறினாலே போதும். 135-ஐத் தொட வேண்டியதில்லை. இது வீட்டாருக்கு மட்டுமல்ல, சில சமயம் இளம் மருத்துவர்களுக்கே நம்பக் கடினமான விஷயம். ஆள் தெளிந்துவிட்டார் என்றால் அவசரம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் மருத்துவரின் கவலை எதிர்ப்பக்கம் திரும்புகிறது, இனி எப்படி வேகமாக ஏறாமல் பிடித்துவைப்பது என்று.

எவ்வளவு ஏறலாம் என்பதற்கு எல்லை உண்டு. பொதுவாக முதல் 24 மணி நேரத்தில் 10-ஐத் தாண்ட விடக் கூடாது என்பார்கள். மையலின் ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு 8. உங்கள் அம்மாவுக்குப் பொட்டாசியம் குறைவு, பல நாளாகச் சரியான சாப்பாடும் இல்லை. இரண்டுமே அந்த ஆபத்தைக் கூட்டுபவை. குடிப்பழக்கமும் ஈரல் நோயும் மற்ற இரண்டு. ஆகவே அவருக்கு முதல் நாள் எல்லை 120. காலையில் 123 வந்தபோது எல்லையை மூன்று புள்ளி தாண்டியாகிவிட்டது, 24 மணி நேரம் இன்னும் முடியவும் இல்லை. நீங்கள் சந்தோஷப்பட்ட நேரத்தில் டாக்டர் பதறியது இதனால்தான்.

சலைனை நிறுத்திய பிறகும் எப்படி ஏறியது என்று கேட்பீர்கள். சம்மரியில் ஒரு வரி இருக்கிறது, கவனித்தீர்களா? அன்று இரவு மணிக்கு 200 மில்லிக்கு மேல் சிறுநீர் போயிருக்கிறது. அதுதான் விடை. தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் ஹார்மோன் ஒன்று மூளையிலிருந்து சுரக்கிறது. குமட்டல், வாந்தி, உடலில் நீர்ச்சத்து வற்றுவது, சில மாத்திரைகள், நிமோனியா, காசநோய் இவையெல்லாம் அதைத் தூண்டிவிடும். வாந்தி நின்று, அம்மா சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரையும் (அதற்குப் பின்னால் வருகிறேன்) நிறுத்தப்பட்டதும் அந்த ஹார்மோன் அடங்கியது. சிறுநீரகம் மடை திறந்தது போல வெறும் தண்ணீராக வெளியேற்ற ஆரம்பித்தது. தண்ணீர் போனால் சோடியம் தானாக ஏறும், யாரும் எதுவும் ஏற்ற வேண்டாம். போதாததற்குப் பொட்டாசியமும் கொடுத்தார்கள். அது செல்லுக்குள் போகும்போது சோடியத்தை வெளியே அனுப்புவதால், கொடுக்கும் பொட்டாசியமும் சோடியக் கணக்கில்தான் சேரும். 2.9-ஐ அப்படியே விடவும் முடியாது, இதயத்துக்கு ஆபத்து. கொடுக்கத்தான் வேண்டும், கணக்கில் வைத்துக்கொண்டு.

அப்படி வேகமாக ஏறும்போது இரண்டு வழிகள் கைவசம் உண்டு. ஒன்று, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், நீங்கள் சொல்லும் குளுக்கோஸ் பாட்டில். அதில் சோடியம் துளியும் இல்லை. சர்க்கரையை உடம்பு எரித்துவிட்டால் மிச்சம் வெறும் தண்ணீர். இரண்டு, டெஸ்மோபிரெசின் ஊசி. அது அந்த ஹார்மோனின் வேலையைச் செய்து, சிறுநீர் வழியே தண்ணீர் போவதைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்து 119-க்குக் கொண்டுவந்தன. எல்லையைத் தாண்டிய சோடியத்தைச் சில மணி நேரத்துக்குள் இப்படி இறக்கினால் மூளை தப்பிக்க வாய்ப்பு அதிகம். இதற்குத் துணிச்சலும் வேண்டும்; வீட்டார் எதிரில் நின்று முறைக்கும்போது ஏறிய எண்ணை இறக்குவது லேசான காரியம் இல்லை.

இந்தத் துறையில் இப்போது ஒரு விவாதம் நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டொராண்டோ மருத்துவமனைகளில் சோடியம் குறைந்து சேர்ந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகளை ஆராய்ந்து 2023-ல் ஒரு ஆய்வு வந்தது. மையலின் பாதிப்பு 12 பேருக்குத்தான் வந்திருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு சோடியம் வேகமாக ஏறவே இல்லை. ஆகவே எல்லோரையும் இவ்வளவு மெதுவாக நடத்த வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதில் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு சோடியம் உங்கள் அம்மாவுக்குப் போல இவ்வளவு இறங்கியிருக்கவில்லை. 112-ம், 2.9 பொட்டாசியமும், நலிந்த உடம்புமாக வரும் ஒருவரிடம் அந்த ஆய்வைக் காட்டி நான் வேகம் எடுக்க மாட்டேன்.

சரி, சித்தப்பாவின் இரண்டு பாட்டிலுக்கு வருவோம். அரை லிட்டர் சாதாரண சலைன் ஒன்று, காகிதக் கணக்கில், உங்கள் அம்மாவுக்கு ஒரு புள்ளி ஏற்றும். இரண்டு பாட்டிலுக்கு 2. வலிப்பு வந்தவருக்கு அது போதவே போதாது. ஆனால் உடம்பு காகிதக் கணக்குப்படி நடப்பதில்லை. வாந்தி பேதியால் வற்றிப்போனவருக்கு அதே இரண்டு பாட்டில் ஏறியதும் அந்த ஹார்மோன் அடங்கி, சிறுநீர் கொட்டி, சோடியம் ஒரே இரவில் 12, 15 என்று எகிறலாம். நிமோனியாவோ, மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ கொடுக்கும் சில மாத்திரைகளோ ஹார்மோனைத் தூண்டிவிட்டிருந்தால், சிறுநீரகம் ஏற்றிய உப்பை வெளியே தள்ளிவிட்டு தண்ணீரை மட்டும் வைத்துக்கொள்ளும். சலைன் ஏற ஏற சோடியம் இறங்கும். இதய பலவீனம் உள்ளவருக்கோ அந்த பாட்டில் நேராக நுரையீரலில் போய் நிற்கும். ஒரே பாட்டில்தான். யாருக்கு எது நடக்கும் என்று சிறுநீர்ப் பரிசோதனையும் திரும்பத் திரும்ப எடுக்கும் ரத்தப் பரிசோதனையும்தான் சொல்லும். 

நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எடுக்காவிட்டால்தான் வருத்தப்பட வேண்டும். அந்த 123-ஐ மதியம் பார்த்திருந்தால் 128 கூட ஆகியிருக்கலாம்.

இனி காரணம். மூன்று மாதம் முன்பு அம்மாவின் பிரஷர் மாத்திரையை மாற்றியதாகச் சம்மரியில் இருக்கிறது: டெல்மிசார்ட்டானோடு, சிறுநீரைக் கூட்டும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை. அட்டையில் மருந்துப் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்று இருந்தால் பெரும்பாலும் இதுதான். நல்ல மருந்து, விலை குறைவு, லட்சக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள். ஆனால் வயதான, ஒல்லியான பெண்களில் சிலருக்கு இது சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சேர்த்து இறக்கிவிடும். குளோர்தாலிடோனும் இந்தாபமைடும் அதே தயசைடு வகை. ஒரு தடவை இப்படி ஆனவருக்கு மறுபடி கொடுத்தால் மறுபடியும் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் இதற்கு இன்னொரு துணையும் சேர்கிறது. இதை நான் குன்னூரிலும் கோத்தகிரியிலும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன். குளிர் காலத்தில் வயதானவர்கள் அடுப்படியை விட்டு நகர மாட்டார்கள். காலையில் டீயும் வர்க்கியும், மத்தியானம் பேருக்கு இரண்டு வாய் சோறு, சாயங்காலம் மறுபடி டீயும் வர்க்கியும். நடுவில் சளி பிடிக்காமல் இருக்க பிளாஸ்க் பிளாஸ்க்காகச் சுடுதண்ணீர். பிரஷர் என்பதால் உப்பும் பாதி. குடித்த தண்ணீரை வெளியேற்ற சிறுநீரகத்துக்கு அதோடு சேர்த்து அனுப்ப உப்பும் புரதக் கழிவும் வேண்டும். தட்டில் அவை இல்லையென்றால் தண்ணீர் உள்ளேயே தங்கும். உங்கள் அம்மா தினமும் மூன்று பிளாஸ்க் சுடுதண்ணீர் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதோடு அந்த மாத்திரையும் சேர்ந்தால் இதுதான் நடக்கும்.

ஆகவே உப்பைக் கூட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில்: அள்ளிப் போட வேண்டாம். பிரஷர் அவருக்கு இன்னும் இருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும் உப்போடு சாப்பிடட்டும், தனியாக உப்பில்லாமல் சமைப்பதை நிறுத்துங்கள். தினம் ஒரு முட்டையோ, பருப்போ, அவரை, பீன்ஸ் போட்ட குழம்போ வயிற்றுக்குள் போகட்டும். சுடுதண்ணீர் தாகத்துக்கு மட்டும். உப்பு மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், சித்தப்பா கடையிலிருந்தும் வேண்டாம். மாற்றி எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரையான அம்லோடிபினை விடாமல் சாப்பிட வேண்டும். பழைய அட்டையில் மிச்சம் இருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள். அம்மாவின் மருத்துவ நோட்டின் முதல் பக்கத்தில், 'தயசைடு வகை மாத்திரை கொடுக்கக் கூடாது, சோடியம் 112 ஆனது' என்று பெரிதாக எழுதி வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடமும் அதைக் காட்டுங்கள். சோடியம், பொட்டாசியம் இரண்டையும் இந்த வாரம் ஒரு தடவை பாருங்கள்; 132 என்பது இன்னும் முழுக்கச் சரியான எண் இல்லை. அதன் பிறகு எப்போது என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார்.

கடைசிக் கேள்வி, பக்கத்து கிளினிக். நம் ஊரில் களைப்பு என்றாலே 'ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்' என்று கேட்கும் பழக்கம் இருக்கிறது. கேட்டால் மாட்டிவிடும் இடங்களும் உண்டு. பெரும்பாலும் மாட்டுவது குளுக்கோஸ். வாந்தியும் தலைசுற்றலுமாகப் போன உங்கள் அம்மாவுக்கு, சோடியம் பார்க்காமல் யாராவது இரண்டு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியிருந்தால், ஏற்கெனவே தண்ணீர் மிஞ்சிய உடம்பில் இன்னும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றியது போல ஆகியிருக்கும். மறுநாள் அவரைக் காப்பாற்றிய அதே பாட்டில், முந்தின நாள் அவரைக் கொன்றிருக்கலாம். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ட்ரிப்ஸ் உருளையைத் திறந்துவிட்டு, சொட்டு சொட்டாகப் போக வேண்டியதை அரை மணியில் முடித்துக்கொண்டு கிளம்புகிறவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பொட்டாசியம் கலந்த பாட்டிலில் அப்படிச் செய்தால் இதயமே நின்றுவிடலாம்.

சாதாரண வாந்தி பேதி, ஆள் தெளிவாக இருக்கிறார், குடிக்க முடிகிறது என்றால் வீட்டிலேயே ஓ.ஆர்.எஸ். கரைசல் போதும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் தூவிக் குடிப்பது பிரயோசனமில்லை. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு, அதை ஓ.ஆர்.எஸ்.க்குப் பதிலாக நம்ப வேண்டாம்.

ஆனால் பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, எழுப்பினாலும் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ கிளினிக்கைத் தாண்டிப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கே போவது என்று முடிவு செய்ய ஒரே அளவுகோல்: ராத்திரியிலும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை சோடியம் பார்க்க வசதி இருக்கிறதா? மெஷின் இருந்தும் சாயங்காலத்துக்கு மேல் அதை இயக்க ஆள் இல்லாத இடங்கள் மலையில் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் சேர்த்திருந்தால், முதல் சிகிச்சைக்குப் பின் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கோவைக்கோ மாற்றச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் வலிப்போடு இருப்பவரை அப்படியே வண்டியில் ஏற்றி மேட்டுப்பாளையம் இறக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. முதலில் அந்தச் சின்ன பாட்டில், வலிப்பு அடங்கிய பிறகு பயணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தக் கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

மருத்துவமனையில் இருக்கும்போது நீங்கள் கேட்க வேண்டியது, 'இப்ப சோடியம் எவ்வளவு' என்பதோடு முடிந்துவிடக் கூடாது. சேர்த்த நேரத்திலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது, அடுத்த பரிசோதனை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். சிறுநீர்ப் பையை நர்ஸிடம் சொல்லாமல் காலி செய்யாதீர்கள், அதன் அளவு தெரிய வேண்டும். திடீரென்று பை வேகமாக நிறைகிறது என்றால், நடு ராத்திரியானாலும் எழுப்பிச் சொல்லுங்கள்.